போட்டோ பேப்பர் ரோலை அளவுக்கு வெட்டிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பேப்பர் கடைக்காரர்களுக்கும் கட்டிங் மிஷின் வைத்திருப்பவர்களுக்கும், சின்ன ஊர்களில் ஸ்டுடியோ நடத்துபவர்கள் சார்பில் ஒரு கோரிக்கை. இங்க்ஜெட் போட்டோ பேப்பர் ரோலை நாங்கள் கேட்கும் அளவுக்கு வெட்டிக் கொடுப்பதைத் தனி வேலையாக எடுத்துச் செய்யுங்கள், அதற்கு உரிய கூலியையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடையில் பாக்கெட்டாகக் கிடைப்பது ஏ4, ஏ3, 4×6 மாதிரி அளவுகள்தான். கல்யாண ஆல்பத்துக்கு வேண்டியதோ 12×36 அங்குலம். ஃப்ரேம் கடையில் கேட்பது 12×18. ஏ3 பிளஸ் (13×19 அங்குலம்) தாளில் 12×18 அடித்து ஓரத்தை வெட்டிச் சமாளித்துவிடலாம், 12×36க்கு அந்த வழியும் இல்லை. ரோலைப் போட்டு அடிக்கும் பெரிய பிரிண்டர் வாங்க எங்களில் பலருக்கு வசதி கிடையாது, இருப்பது 13 அங்குல அகலத் தாள் வரை ஏற்கும் இங்க் டேங்க் பிரிண்டர். (அது 36 அங்குல நீளத்தை ஏற்கிறதா என்று கம்ப்யூட்டரில் இருக்கும் பிரிண்டர் டிரைவர் மென்பொருளில் அளவு போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ரோல் வாங்க வேண்டும்.)

ரோலாக வாங்கினால் கணக்கு நன்றாகவே வருகிறது. 24 அங்குல ரோலின் அகலம் 610 மில்லிமீட்டர், நீளம் பெரும்பாலும் 30 மீட்டர். நடுவில் பிளந்தால் 305, 305 என்று இரண்டு பாகம், அதாவது 12 அங்குலம். அதிலிருந்து 12×36 ஷீட் 64 எடுக்கலாம், 12×18 என்றால் 130. கழிவு என்று பார்த்தால் கடைசியில் மிஞ்சும் ஒரு துண்டுதான். ஆனால் பிளேடு ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ஒரு பக்கம் 304, இன்னொரு பக்கம் 306 ஆகிவிடும், ஓரம் தட்டிச் சரிசெய்ய இடமே இருக்காது.

வெட்டுவதில்தான் சிக்கல். கட்டிங் மிஷினில் நோட்டு, புத்தகத்துக்குப் போடும் சாதாரண மேப்லித்தோ தாளைக் கட்டுக்கட்டாக வைத்து அழுத்தி வெட்டுவது போல இதை வெட்டக் கூடாது. தாளின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் படலம், அதற்கு மேல் மையை உறிஞ்சும் பூச்சு. தாளை அசையாமல் பிடிக்கும் கிளாம்ப் அழுத்தினால் பளபளப்பில் கோடு விழுகிறது, விரல் பட்டால் ரேகை பதிகிறது. போன சீசனில் ஒரு கடையில் வெட்டி வாங்கிய கட்டில் மேலே இருந்த ஷீட்டுகள் எல்லாவற்றிலும் ஓரத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி நீளமாக ஒரு தழும்பு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பளிச்சென்று தெரிந்தது. பிளேடு மழுங்கியிருந்ததால் ஓரத்தில் பூச்சு உதிர்ந்து மாவு மாதிரி ஒட்டியிருந்தது. அந்தத் தூள் பிரிண்டருக்குள் போய் மை தெளிக்கும் ஹெட்டில் சேர்ந்தால் செலவு யாருக்கு?

செய்முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள், மேலும் கீழும் மில்போர்டு (தடித்த அட்டை) கொடுங்கள், கிளாம்ப் அழுத்தத்தைக் குறையுங்கள், பூச்சுப் பக்கம் மேலே இருக்கட்டும், சாணை பிடித்த பிளேடு போடுங்கள், கையில் பருத்தி உறை மாட்டிக்கொள்ளுங்கள். வெட்டியதும் ஓரத்தை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டால் தூள் போய்விடும். அப்புறம் சுருட்டல். ரோலின் உள்சுற்றுக்குப் போகப் போகத் தாள் அதிகமாக வளைந்திருக்கும், அப்படியே பிரிண்டரில் விட்டால் மூலை தூக்கி ஹெட்டில் உரசும். வெட்டிய ஷீட்டுகளைச் சமமான பலகைக்கு நடுவில் வைத்து, மேலே கனம் ஏற்றி, ஓரிரு நாள் வைத்திருந்து கொடுத்தால் எங்களுக்குப் பாதித் தொல்லை தீரும்.

இன்னொரு விஷயம், இது விற்பவர்களுக்கு. ‘போட்டோ பேப்பர் ரோல்’ என்று கேட்டால் எதையாவது எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். கலர் லேபில் கெமிக்கலில் கழுவும் பேப்பரும் ரோல்தான், ஆனால் அது ஒளிபட்டால் வீணாகிவிடும், இங்க்ஜெட் மையையும் உறிஞ்சாது. ஃபிளெக்ஸ் கடைகளில் ஓடும் ஈகோ சால்வென்ட் (கரைப்பான் மை) மிஷினுக்கு வரும் போட்டோ பேப்பர் வேறு. அதில் எங்கள் பிரிண்டரின் தண்ணீர் மை சரியாகக் காயாமல் கையில் ஒட்டும். வெட்டிக் கட்டிவிட்ட பிறகு பார்த்த மாத்திரத்தில் எது எதுவென்று சொல்ல முடியாது, திருப்பியும் கொடுக்க முடியாது.

சிவகாசியிலும் சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கமும் இந்த வேலைக்கு ஆளும் உண்டு, மிஷினும் உண்டு. ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் (அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் தொகுப்பு) வெளியானதிலிருந்து மார்கழி வரை சிவகாசியில் மூச்சுவிட நேரமிருக்காது, சின்ன ஆர்டரைக் கேட்டாலே கோபப்படுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும், அதில் நியாயமும் இருக்கிறது. தை முதல் ஆனி வரை எடுத்துச் செய்யலாமே. நாங்களும் நாலைந்து ஸ்டுடியோ சேர்ந்து முழு ரோலாகவே கொண்டுவருகிறோம். வெட்டிய கட்டின் மேல் பேப்பர் எந்தக் கம்பெனி, எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), வெட்டிய அளவு, எது பிரிண்ட் பக்கம் என்று ஒரு சீட்டு ஒட்டிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்டுடியோ தொழில் செய்யும் வாசகர்,
சாத்தூர்.