வானியல் சங்க ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், தோட்டத்துக் களத்தை இந்த ஆண்டும் நமக்கு விட்டுக்கொடுத்த பெரியவருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையான செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

ஆகஸ்ட் 23, தேசிய விண்வெளி நாளில் பொள்ளாச்சி, உடுமலை வட்டாரப் பள்ளி மாணவர்களுக்குக் கருத்தரங்கு நடந்தது. செப்டம்பர் 7 இரவு முழு நிலா கிரகணத்துக்கு நல்ல கூட்டம். நவம்பரில் சனியின் வளையம் மெல்லிய கோடாகத் தெரிந்ததைக் காட்டினோம். மார்ச் 3 அன்று நிலா எழும்போதே கிரகணம் பிடித்திருந்தது. தென்னைக்கு மேலே வருவதற்குள் விட்டுவிட்டது. காவலூர் வானாய்வகப் பயணம் இந்த ஆண்டும் நடக்கவில்லை. வண்டிக்கு முன்பணம் கட்டப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர்கூட முன்வரவில்லை.

இனி, வியாழன் கோளைச் சுற்றும் நிலவுகள் அதன் நிழலுக்குள் புகுந்து மறையும் நேரம் குறிக்கும் பணி. “வேற்றுக் கிரகத்துல உயிர் இருக்குதான்னு தெரிஞ்சுக்கத்தானுங்க சங்கத்துல சேர்ந்தோம். வியாழனையே எத்தனை நாளைக்குங்க பார்த்துட்டிருக்கறது?” என்று சென்ற கூட்டத்தில் ஒருவர் கேட்டார். சங்கத்தின் இரவுகளில் பெரும்பகுதி இந்தப் பணிக்கே போயிருப்பதால் அதற்குப் பதில் சொல்வது என் கடமை.

நாம் அறிந்த உயிருக்கெல்லாம் திரவ நீர் வேண்டும். வியாழனில் கிடைக்கும் வெயில் பூமியில் கிடைப்பதில் 27-ல் ஒரு பங்குதான். அந்தக் குளிரிலும் வியாழனின் நிலவான யூரோப்பாவின் பனி ஓட்டுக்கு அடியில் உப்புக் கடல் இருக்கிறது என்று அறிஞர்கள் நம்புவதற்குக் காரணம் ஓதம், அதாவது ஒன்றின் இழுப்பில் இன்னொன்று புடைத்து எழுவது. கடல்நீர் ஏறி இறங்குவதும் இதனால்தான். கடலில்லாத நம் சீமையிலும் ஓதம் உண்டு. நிலவின் இழுப்பில் நம் காலடி நிலம் நாளுக்கு இருமுறை ஏறக்குறைய ஓர் அடி ஏறி இறங்குகிறது. சுற்றியுள்ள எல்லாமே சேர்ந்து ஏறி இறங்குவதால் நமக்குத் தெரிவதில்லை.

ஓதவிசை, இழுக்கும் பொருளின் நிறைக்கு நேர்விகிதம். தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதம். நம் நிலா பூமியிலிருந்து 3,84,400 கி.மீ. வியாழனின் இன்னொரு நிலவான அயோ அதிலிருந்து சுமார் 4,22,000 கி.மீ. தூரம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் வியாழன் பூமியைப் போல் 318 மடங்கு நிறை கொண்டது. இழுப்பு மட்டும் இருந்தால் சூடு வராது. அயோ எப்போதும் ஒரே முகத்தை வியாழனுக்குக் காட்டுகிறது. அதன் பாதை முழு வட்டமாக இருந்தால் புடைப்பு ஓரிடத்திலேயே உறைந்து நின்றுவிடும். பாதை சற்றே நீள்வட்டமாக இருப்பதால்தான் ஒவ்வொரு சுற்றிலும் புடைப்பு கூடிக் குறைந்து பாறை பிசைபடுகிறது. அந்த நீள்வட்டம் காலப்போக்கில் வட்டமாகிவிடாமல் காப்பது யூரோப்பா. அயோ இரண்டு சுற்றுச் சுற்றினால் யூரோப்பா ஒன்று. அயோ நான்கு சுற்றினால் மற்றொரு நிலவான கானிமீட் ஒன்று. இந்த ஒழுங்கான இழுப்பில்தான் அயோவின் எரிமலைகளும் யூரோப்பாவின் கடலும் நிற்கின்றன. பள்ளிகளில் இதை விளக்கக் கட்டுக்கம்பி ஒன்றே போதும்: ஓரிடத்தில் இருபது முறை வேகமாக மடக்கி நிமிர்த்தி, மடங்கிய இடத்தை உதட்டோரம் வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். சூடு தெரியும்.

ஸ்டான்டன் பீல், பாட்ரிக் காசன், ரே ரெனால்ட்ஸ் ஆகிய அறிவியலாளர்கள் மூவரும் அயோ உள்ளே உருகியிருக்கும் என்று எழுதிய கட்டுரை 1979 மார்ச் 2 அன்று வெளிவந்தது. மார்ச் 8 அன்று வாயேஜர் 1 விண்கலம் எடுத்த படத்தில் லிண்டா மொராபிட்டோ எரிமலைப் பீச்சலைக் கண்டார். சனியைச் சுற்றும் நிலவுகளான என்செலடஸுக்கும் டியோனேக்கும் இடையே இதே 2:1 உறவு. 500 கி.மீ. குறுக்களவே உள்ள என்செலடஸின் தென்துருவத்திலிருந்து நீராவியும் பனியும் பீறிடுவதை காசினி விண்கலம் 2005-ல் காட்டியது; அந்தப் பனித்துகளில் உயிருக்கு வேண்டிய பாஸ்பேட் இருப்பது 2023-ல் தெரியவந்தது.

நம் வேலை இதில் எங்கே வருகிறது? 1891 முதல் 2007 வரை வியாழன் நிலவுகளைக் குறித்துவைத்த பதிவுகளைக் கொண்டுதான் வாலெரி லேனே குழுவினர் 2009-ல் அயோவின் ஓதச்சூட்டைக் கணக்கிட்டார்கள். அயோ மெல்ல வியாழனை நோக்கி நகர்கிறது என்றும் காட்டினார்கள். நூறாண்டுக்கு மேல் பலர் விடாமல் குறித்ததன் பலன் அது. நாங்கள் தேவையில்லாத வேலை செய்யவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

செய்முறையைப் புதியவர்களுக்காகப் பதிவு செய்கிறேன். 8 அங்குலக் கண்ணாடி கொண்ட டாப்சோனியன் தொலைநோக்கி, 6 மி.மீ. ஐபீஸ் (கண் வைக்கும் வில்லை), 200 மடங்கு உருப்பெருக்கம். ஒருவர் கண் வைக்க வேண்டும், ஒருவர் எழுத வேண்டும். நேரம் செல்போனில் இணையத்தோடு ஒத்திசைத்த விநாடிக் கடிகாரத்தில் மட்டும். அயோ நிழலுக்குள் முழுதும் புக மூன்றரை நிமிடம் ஆகிறது. கணிப்புப் பட்டியலில் உள்ளது மறைவின் நடுநேரம். கடைசிப் பொட்டு மறைவதோ ஒன்று, ஒன்றரை நிமிடம் பிந்தித்தான். பெரிய கண்ணாடியுள்ள தொலைநோக்கியில் பொட்டு இன்னும் சற்று நேரம் தெரியும். அதனால் எந்தத் தொலைநோக்கி என்பதை எழுதாத பதிவு பயன்படாது. வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வந்த ஜனவரி 10-க்கு முன் மறைவு மட்டுமே தெரிந்தது, அதற்குப் பின் வெளிப்படுவது மட்டுமே. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் இந்தப் பிழை பெரும்பாலும் கழிந்துவிடும். அக்டோபரில் அயோ கோளின் விளிம்பிலிருந்து பாதிக் குறுக்களவு தள்ளி மறைந்தது. டிசம்பர் கடைசியில் விளிம்பை ஒட்டியே மறைந்ததால் வியாழனின் ஒளியில் கண்கூச்சம் அதிகம். அப்போது வியாழனைப் பார்வைப் புலத்துக்கு வெளியே தள்ளி வைக்க வேண்டும்.

பதிவைக் கெடுத்தவை மூன்று. முதலாவது களம். பகலெல்லாம் கொப்பரை காய்ந்த சிமெண்ட் தளம் இரவு ஒன்பது வரை சூட்டைக் கக்கும். அதன்மேல் வைத்த தொலைநோக்கியில் அயோ புள்ளியாக நிற்காது, கொதிக்கும். வாய்க்கால் ஓரத்து மண்தரைக்கு மாற்றி, ஒரு மணி நேரம் கண்ணாடியை ஆறவிட்ட பிறகே படம் நின்றது. இரண்டாவது மார்கழிப் பனி. குழாய் வாயில் 12 அங்குல நீளத்துக்குக் கருப்பு ஃபோம் சுற்றியும், ஐபீஸைச் சட்டைப்பையில் வைத்திருந்தும் சமாளித்தோம். மூன்றாவது தேதி. கணிப்பு உலக நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி கூட்டினால் நள்ளிரவு தாண்டித் தேதி மாறும். இதைக் கவனிக்காமல் ஒருநாள் முந்தி வந்து திரும்பியவர்கள் உண்டு.

முந்தி வந்தவர்கள் மீது குறையில்லை. வராதவர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அயோ மறைவு 42 மணி 28½ நிமிடத்துக்கு ஒருமுறை. நமக்கு இரவில், மேகமில்லாமல், வியாழன் உயரத்தில் இருக்கும்போது கிடைப்பது அதில் சொற்பம். பட்டியலில் பெயர் எழுதிக்கொடுத்துவிட்டு, கல்யாண வீடு, வெள்ளாமை வேலை, மில் ஷிப்ட் என்று மாலை ஏழு மணிக்குத் தகவல் அனுப்பினால் அன்றைய பதிவு போனது போனதுதான். எழுத ஆளில்லாமல் கண் வைத்தவரே நேரமும் பார்த்த பதிவுகளைக் கணக்கில் சேர்க்க முடியவில்லை. மாதம் ஒரு இரவு முடியும் என்றால் அந்த ஒன்றை மட்டும் எழுதிக் கொடுங்கள், வந்துவிடுங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வைப்பார். பொதுவாகச் சொன்னால் கையிருப்பு உண்டு, தாராளமில்லை. ஆண்டுச் சந்தா 600 ரூபாயைச் செலுத்தாதவர்கள் செலுத்தியவர்களைவிட அதிகம். அவர்களில் செயற்குழுவினரும் இருப்பதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன். தொலைநோக்கிக் கண்ணாடிக்கு மறுபூச்சு இந்த ஆண்டே செய்திருக்க வேண்டியது, தள்ளிப்போகிறது.

தோட்டத்தார் குடும்பத்துக்கும், இரவு தேநீர் தந்தவர்களுக்கும், ஒத்துழைத்த ஆசிரியர்களுக்கும், அச்சிட்டுக் கொடுத்த உறுப்பினருக்கும் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030-லும் ஜூஸ் விண்கலம் 2031-லும்தான் வியாழனை அடையும். அதற்கு முன் ஆறாண்டுக்கு ஒருமுறை வரும் வாய்ப்பு 2026–27-ல் நமக்குக் கிடைக்கிறது: வியாழனின் நிலவுகள் ஒன்றையொன்று மறைக்கும், ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழும். பாரிஸில் உள்ள ஐஎம்சிசிஇ என்ற வானியல் கணிப்பு நிறுவனம் இத்தகைய பதிவுகளை உலகெங்குமிருந்து திரட்டி வருகிறது. கண்ணால் குறிப்பது இதற்குப் போதாது. கேமரா வேண்டும், ஜிபிஎஸ் நேரக்கருவி வேண்டும். நிகழ்வுக்குப் பத்து நிமிடம் முன்னும் பின்னும் பதிய வேண்டும்; தானியங்கி வெளிச்சச் சரிக்கட்டை அணைத்து, ஒப்பிட மறைபடாத நிலவு ஒன்றையும் சட்டத்துக்குள் வைத்து, சுருக்காத கோப்பாகச் சேமிக்க வேண்டும். நிலுவைச் சந்தா வந்தாலே இரண்டு கருவிகளில் ஒன்றை வாங்கிவிடலாம். மற்றதற்கு நன்கொடை தருவோர் என்னிடமோ பொருளாளரிடமோ சொல்லலாம். அக்டோபர் முதலான இரவுப் பட்டியலும் ரசீதுப் புத்தகமும் கூட்டம் முடியும்வரை பொருளாளர் மேசையில் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்