கால் எட்டாத ஆழம் வரை கூட வந்தவர்களுக்கு

அன்புள்ள மாஸ்டருக்கும், லைஃப்கார்டு தம்பிக்கும், காலை வகுப்புத் தோழிகளுக்கும், எங்கள் பெரியப்பா மகன் அண்ணனுக்கும்,

சென்ற வாரம் நீச்சல் குளத்தின் ஒரு முனையில் இறங்கி மறுமுனை வரை நிற்காமல் நீந்திப் போனேன். நடுவே எனக்குக் கால் எட்டாத இடமும் உண்டு. வேடிக்கை பார்த்தவர்களுக்கு அதில் பெரிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு, இந்த வகுப்பில் சேரும் வரை, முழங்காலுக்கு மேல் நான் தண்ணீரில் இறங்கியதே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து பார்ப்பவர்கள் எல்லாம் என் துணிச்சலைப் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டு உங்களுக்குச் சேர வேண்டியது. யார் என்ன செய்தீர்கள் என்று நாலு பேர் அறிய எழுதிவிடத்தான் இந்த மடல்.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் எனக்கு ஓரளவு நீந்தத் தெரியும். ஆழத்துக்குப் பழகட்டும் என்று பெரியவர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் என்னைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டார். உள்ளே போனேன், மேலே வந்தேன், மறுபடி உள்ளே போனேன். கரையில் அத்தனை பேர் இருந்தும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன்தான் குதித்து என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார். அத்தோடு நீச்சல் போயிற்று.

அண்ணா, அன்றைக்கு உங்களுக்கும் சின்ன வயதுதான். அப்போது நன்றி சொல்லும் நிலையில் நான் இல்லை. பிறகு அந்தப் பேச்சையே எடுக்க முடியவில்லை. இத்தனை வருடம் கழித்து வகுப்பில் சேர்ந்தேன் என்று சொன்னதும், காரணம் எதுவும் கேட்காமல் விடியற்காலையில் கிளம்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். செல்போனைக் கையில் எடுக்கவே இல்லை. நான் தலையைத் தூக்கும்போதெல்லாம் உங்கள் முகம் என் பக்கம் திரும்பியிருக்கும். உயிரைக் காப்பாற்றியதற்கும், அந்த பெஞ்சுக்கும் சேர்த்து இப்போது சொல்கிறேன். நன்றி அண்ணா.

மாஸ்டர், நீங்கள் என்னை முதலில் தண்ணீருக்குள்ளேயே கூப்பிடவில்லை. படியில் உட்காரச் சொன்னீர்கள். கால் நனைந்தால் போதும் என்றீர்கள். அப்புறம் அடுத்த படி, அதற்கடுத்த படி. இடுப்பளவு தண்ணீரில் நிற்கப் பழகியதும் இனி நீச்சல்தான் என்று நினைத்தேன். நீங்களோ எழுந்து நிற்கச் சொல்லிக்கொடுத்தீர்கள்! ஓரக் கம்பியைப் பிடித்தபடி குப்புற மிதக்க வேண்டும். பிறகு இரண்டு முழங்காலையும் நெஞ்சுப் பக்கம் மடக்கி, கையால் தண்ணீரைக் கீழே அழுத்தி, தலையைத் தூக்க வேண்டும். இடுப்பு தானாகக் கீழே இறங்கும், உடம்பு நிமிரும், பாதம் தரையைத் தொடும். மல்லாந்து மிதக்கும்போதும் அப்படித்தான்: முகவாயை நெஞ்சோடு சேர்த்து முழங்காலை மடக்கினால் போதும், உட்காருவது போல வந்து நின்றுவிடலாம். இதையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தீர்கள். பக்கத்தில் மற்றவர்கள் கிக்போர்டு என்ற மிதவைப் பலகையைப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தபோதும் அவசரப்படுத்தவில்லை.

அங்கேதான் எனக்கு ஒன்று புரிந்தது. தண்ணீருக்குள் போவதற்கு நான் பயந்ததே இல்லை. போனால் திரும்பி வர வழியில்லையே என்றுதான் இத்தனை வருடமும் பயந்திருக்கிறேன். அந்த வழியைத்தான் நீங்கள் முதலில் என் கையில் கொடுத்தீர்கள். "பயப்படாதே, தைரியமாக இரு" என்று எனக்குச் சொன்னவர்கள் எத்தனையோ பேர். எழுந்து நிற்கும் விதத்தைச் சொல்லித்தந்தவர் நீங்கள் ஒருவர்தான். நீச்சல் சொல்லித்தரும் எல்லோரும் இதையே முதல் பாடமாக வைக்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

இன்னொன்று. "இப்போது கையை விடப்போகிறேன்" என்று சொல்லாமல் நீங்கள் ஒருமுறைகூட விட்டதில்லை. நான் தலையாட்டும் வரை காத்திருப்பீர்கள். என்னைப் போலத் தள்ளிவிடப்பட்டவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

மூச்சு விஷயத்தையும் இங்கே எழுதியாக வேண்டும், ஏனென்றால் பலர் இதில்தான் சோர்ந்து நீச்சலையே விட்டுவிடுகிறார்கள். முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் நான் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். நெஞ்சு முட்டும், உடனே திணறல் வரும். ஆக்சிஜன் தீர்ந்துவிட்டதால் வருவதில்லை இந்த முட்டல், ரத்தத்தில் கரியமில வாயு சேர்வதால் வருவது என்று விளக்கினீர்கள். உள்ளே இருக்கும்போதே மூக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தால், தலையைத் திருப்பும்போது உள்ளே இழுப்பது ஒன்றுதான் வேலை. பிடித்தே வைத்திருந்தால் அந்த ஒரு நொடிக்குள் விடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். புரை ஏறாமல் என்ன செய்யும்? தலையைத் தூக்கத் தூக்கக் கால் அமிழும் என்பதையும் நீங்கள் சொன்ன பிறகுதான் கவனித்தேன். மல்லாந்து படுத்து, காதுவரை தண்ணீர் ஏற விட்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்த அன்று கைகால் எதையும் அசைக்காமலே உடம்பு மேலே நின்றது. மூச்சை இழுத்தால் சற்று உயர்ந்தேன், விட்டால் சற்று இறங்கினேன். அழுதுவிட்டேன். கண்ணாடி போட்டிருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது.

லைஃப்கார்டு தம்பி, நீங்கள் என்னிடம் அதிகம் பேசியதில்லை. ஆனால் அன்றைக்கு நீங்கள் சொன்னதற்கு நான் என்றென்றும் கடன்பட்டிருக்கிறேன். அப்படிக் குளத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறீர்களே, யாராவது கத்தினால் கேட்காதா என்று கேட்டேன். "கத்த மாட்டாங்கக்கா" என்றீர்கள். மூழ்குகிறவர்கள் பெரும்பாலும் கூப்பிடவும் மாட்டார்கள், கையை ஆட்டவும் மாட்டார்கள். வாய் தண்ணீருக்கு மேலே வருகிற சிறு இடைவெளியில் மூச்சு விட்டு இழுக்கத்தான் நேரம் இருக்கும். குரலுக்கு மூச்சு மிஞ்சாது. கைகள் தாமாகவே பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். உடம்பு நேராக நிற்கும், கால் உதைக்காது. அமெரிக்காவில் ஃபிராங்க் பியா என்ற உயிர்காப்பாளர் இதைக் கூர்ந்து கவனித்துப் பதிவு செய்திருக்கிறார் என்றும், இந்த நிலை 20 முதல் 60 விநாடிகள்தான் என்றும் சொன்னீர்கள்.

அன்று கரையில் இருந்தவர்கள் ஏன் வரவில்லை என்ற கேள்வியை நான் பன்னிரண்டு வயதிலிருந்து சுமந்துகொண்டிருந்தேன், தம்பி. நான் ஏன் கத்தவில்லை என்றும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் நீங்கள் பதில் சொல்லிவிட்டீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். இது தெரிந்துதான் நீங்கள் கண்ணை எடுப்பதில்லை. இது தெரிந்துதான் உங்களில் யாரும் என் பயத்தை வீண் பயம் என்று சொல்லவில்லை.

காலை வகுப்புத் தோழிகளே, உங்கள் ஒவ்வொருவருக்கும் தனி மடலே எழுதலாம். என் லேனை யாரும் குறுக்கே வெட்டாமல் பார்த்துக்கொண்டீர்கள். நான் படியிலேயே உட்கார்ந்திருந்த நாட்களில் வந்து இழுக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டு பேசினீர்கள். நம்மில் உளவியல் படித்தவருக்கு மட்டும் ஒரு தனி நன்றி. வீட்டில் உடம்பு சரியில்லாமல் போய் நான் கொஞ்ச காலம் வராமல் இருந்தேன். திரும்பி வந்த அன்று பயம் முழுசாக அப்படியே நின்றது. மிதந்துகொண்டிருந்தவள் கம்பியை விட மாட்டேன் என்றேன். எல்லாம் வீணாகிவிட்டது என்று நினைத்தபோது ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ், சத்தம் கேட்டாலே சாப்பாடு வரும் என்று எச்சில் ஊறப் பழக்கிய நாய்களைப் பற்றி நீங்கள் சொன்னீர்கள். மறைந்துவிட்டதாகத் தோன்றிய பழைய பழக்கம் ஓர் இடைவெளிக்குப் பின் தானாகத் தலைகாட்டுவதை அவர் அப்போதே கண்டிருக்கிறார். பழைய பயம் அழிவதில்லை, அதன்மேல் புதிய பாடம் படிகிறது, அவ்வளவுதான் என்றீர்கள். 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டு நடுங்கிய ஒரு சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்து பயத்தைப் போக்கியதையும் சொன்னீர்கள். அந்தப் பையனுக்கும் நடுவில் பயம் திரும்பி, மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்ததாம். சரி, அப்படியென்றால் நானும் மறுபடி படியிலிருந்தே ஆரம்பிக்கிறேன் என்று மாஸ்டரிடம் போய் நின்றேன். இரண்டாவது தடவை சீக்கிரமாகவே வந்தது.

வீட்டில் எனக்காக வேலைகளைப் பங்கிட்டுக்கொண்டவர்களுக்கும், காதைப் பரிசோதித்து "தாராளமாக இறங்கலாம்" என்று சொன்ன டாக்டருக்கும் என் வணக்கம்.

இந்த மாதம் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஓர் அம்மா, வகுப்பு நேரம் முழுவதும் கம்பியைப் பிடித்தபடியே நிற்பதைப் பார்க்கிறேன். அம்மா, நீங்கள் இதைப் படித்தால் என்னிடம் வந்து பேசுங்கள். இனி ஆரம்ப வகுப்பு நடக்கும்போது படிப் பக்கம் நான் இருப்பேன். மாஸ்டரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றிருக்கிறார். நீங்கள் சொல்லும் வரை கையை விட மாட்டேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் காலை வகுப்பு மாணவி