பாக்கியத்தின் பெயரைத் திருத்துங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் என் நாவலுக்கு வந்த விமர்சனத்தைப் படித்தேன். நடை இழுபடுகிறது என்கிறார் விமர்சகர். அது அவர் அபிப்பிராயம். ஆனால் ‘பாத்திரங்கள் என் சொல் கேட்கவில்லை என்று முன்னுரையில் எழுதுவது எழுத்தாளர்களின் வழக்கமான பாசாங்கு’ என்ற ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை.

ஐயா, நான் பாசாங்கு செய்யவில்லை. திருகோணமலைத் திருக்கடலூரில் கருவாடு விற்கும் என் கதாநாயகி பாக்கியத்தை 1990இல் படகேற்றி இந்தியாவுக்கு அனுப்பி, மண்டபம் அகதி முகாமில் கதையை முடிப்பதாகத்தான் இருந்தேன். படகுக்காரனுக்குக் காசு கொடுக்க அவள் மடியிலிருந்து கொட்டப்பெட்டியை எடுக்கிறாள். மூடியைத் திறந்தால், வெற்றிலைக்குக் கீழே, பொலித்தீனில் சுற்றிய மகனின் படம். காணாமல் போன பிள்ளை. அந்த வரியை எழுதிய பிறகு அவளைப் படகில் ஏற்ற என்னால் முடியவில்லை. அவன் திரும்பி வந்தால் கதவைத் திறக்க யார் இருப்பது? முகாமைப் பற்றி எழுதி வைத்திருந்த பக்கங்களையெல்லாம் கிழித்துப் போட்டேன். அவள் ஊரிலேயே இருந்துவிட்டாள்.

உங்களுக்குத் தெரியாததல்ல. ஜெயகாந்தன் 1966இல் ‘அக்கினிப் பிரவேசம்’ எழுதினார். கெடுக்கப்பட்டு வீடு வந்த மகளின் தலையில் தண்ணீரை ஊற்றித் தாய் ஏற்றுக்கொண்டாள். வாசகர்கள் சண்டைக்கு வந்தார்கள். தாய் ஏற்காமல் விட்டிருந்தால் அந்தப் பெண் என்னவாகியிருப்பாள் என்று கங்காவை ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ முழுக்க நடத்திக்கொண்டு போனார். அதோடும் விட மனமில்லாமல் ‘கங்கை எங்கே போகிறாள்’ வரை அவள் பின்னால் போனார். கோனன் டொயிலோ ஷேர்லக் ஹோம்ஸில் சலித்து 1893இல் அவன் அருவியில் விழுந்து செத்தான் என்று கதையை முடித்தார். 1903இல் அவனை உயிரோடு கூட்டிவர வேண்டியதாயிற்று. இவர்களும் பாசாங்குக்காரர்களா?

அதே விமர்சனத்தில் ‘கிழக்கிலங்கையில் இப்போதுதான் நாவல் துளிர்க்கிறது’ என்றும் இருக்கிறது. இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891இல் வந்தது. சரவணமுத்துப் பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895. இருவரும் எங்கள் திருகோணமலை. இதை உங்கள் பத்திரிகைக்கு நான் எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் மனவருத்தம். என் முதல் நாவலுக்கு விமர்சனம் கேட்டு இரண்டு பிரதி அனுப்பினேன். ‘கிடைக்கப்பெற்றோம்’ என்ற ஒற்றை வரியோடு அது முடிந்தது.

இந்த நாவலின் வெளியீட்டு விழாவுக்குக் கொழும்பிலிருந்து வந்து பேசியவர், இது ஆசிரியையின் சொந்தக் கதை என்றார். அதை நீங்களும் செய்தியாகப் போட்டீர்கள். என் வீட்டில் எவரும் காணாமல் போகவில்லை. செய்தியைப் பார்த்துவிட்டு, பழைய மாணவி ஒருத்தி துக்கம் விசாரிக்கவே வந்துவிட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அது என் துக்கமில்லை பிள்ளை, பாக்கியத்தின் துக்கம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது! வாசலில் படத்தோடு உண்மையாகவே காத்திருக்கும் தாய்மார் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் அந்தத் துயரத்தை என்னுடையதாகச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. அதற்காகத்தான் பாக்கியத்தை உண்டாக்கினேன்.

விமர்சனம் முழுவதும் அவள் பெயர் ‘பாக்கியலட்சுமி’ என்று அச்சாகியிருக்கிறது. அவள் பெயர் பாக்கியம். பதில் எழுத நான் இடம் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு இதழில், எந்த மூலையிலாவது, பெயரை மட்டும் திருத்திப் போடுங்கள்.

இங்ஙனம்,
நாவலாசிரியை,
உவர்மலை, திருகோணமலை.