நூலகப் பக்கங்களில் வர வேண்டிய புத்தகங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொது நூலகங்கள் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் புத்தகங்களைப் பரிந்துரைப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாசகர்கள் புழங்கும் இடத்துக்கு நூலகமும் போகத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அங்கே போய் எந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுவது என்ற கேள்வியைக் கட்டுரை தொடவே இல்லை.

நான் பார்க்கும் நூலகப் பக்கங்கள் பலவற்றில் புதுவரவுகளின் அட்டைப்படங்களும், ஏற்கெனவே எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் நாவல்களும்தான் வருகின்றன. அவற்றுக்குப் பதிப்பாளர் விளம்பரம் செய்கிறார், புத்தகக் கடைகள் செய்கின்றன, இணையத்தில் காணொளி போடுகிறவர்கள் செய்கிறார்கள். நூலகத்தில் அந்த நாவலுக்கு ஓரிரு படிகள்தான் இருக்கும். பதிவைப் பார்த்து ஆசையோடு வருகிறவருக்கு முன்பதிவு வரிசையில்தான் இடம் கிடைக்கும். அதேசமயம், பல ஆண்டுகளாக அலமாரியில் இருக்கும் அருமையான நூல் ஒன்று, யாரும் இரவல் எடுக்கவில்லை என்பதற்காகவே கழிவுப் பட்டியலுக்குப் போய்விடுகிறது. அதற்காகப் பேச நூலகரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

இந்திய நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூல்வடிவில் தந்த, நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. அந்த வாசகரைத் தேடிப் பிடிக்கச் சமூக ஊடகம் போல வசதியான வழி முன்பு இருந்ததில்லை. அதை, தானாகவே கைமாறிக்கொண்டிருக்கும் நூல்களுக்குச் செலவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எப்படிச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். ஒரு நூலுக்குள் வாசகர் நுழைய நான்கு வாசல்கள் உண்டு என்பார் அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல்: கதை, பாத்திரம், களம், மொழி. 'அனைவரும் அவசியம் படிக்க வேண்டிய நூல்' என்ற வாசகம் இந்த நான்கில் எதையும் திறப்பதில்லை. 'கதை மெதுவாகத்தான் நகரும். ஆனால் அந்த மலைக்காடு கண்முன் நிற்கும்' என்று எழுதிப் பாருங்கள். களத்துக்காகப் படிப்பவர் தேடி வருவார், விறுவிறுப்பை எதிர்பார்ப்பவர் ஒதுங்கிக்கொள்வார். இரண்டு பேருக்குமே அது உதவிதான்.

நியூயார்க் பொது நூலகம் 2018இல், பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய கதைகளை இன்ஸ்டாகிராம் ஸ்டோரிகளாகவே வெளியிட்டது. கட்டைவிரலை வைத்தால் பக்கம் நிற்கும், எடுத்தால் அடுத்த பக்கம் வரும். அழகான முயற்சி. ஆனால் எல்லா நூலகங்களாலும் அது முடியாது. சியாட்டில் பொது நூலகம் செய்வதைச் சிறிய கிளை நூலகமும் செய்யலாம்: தமக்குப் பிடித்த புத்தகங்களை வாசகர் எழுதி அனுப்புகிறார், அந்தக் குறிப்பைப் படித்துப் பார்த்து, அவருக்கென்றே அடுத்து ஐந்து புத்தகங்களை நூலகர் சொல்கிறார். அங்கே பரிந்துரை ஓர் உரையாடலாகிவிடுகிறது.

இதில் ஓர் எச்சரிக்கை அவசியம். மனச்சோர்வு பற்றியோ, மணமுறிவு பற்றியோ நூல் தேடுபவர் கவுண்ட்டரில் தணிந்த குரலில் கேட்பார். அதையே முகநூல் பின்னூட்டத்தில் கேட்டால் அவருடைய உறவினர்களும் அலுவலக நண்பர்களும் பார்ப்பார்கள். வாசகர் பற்றித் தெரியவரும் அந்தரங்கத்தைக் காப்பது நூலகரின் கடமை என்று அமெரிக்க நூலகச் சங்கத்தின் 1939ஆம் ஆண்டு நெறிமுறைகளே சொல்லிவிட்டன. நூலகப் பக்கத்துக்கு அனுப்பும் தனிச்செய்தியும் முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. ஆகவே, 'பொதுவில் கேட்கத் தயங்கினால் நேரில் வாருங்கள், தொலைபேசியில் கேளுங்கள்' என்று ஒவ்வொரு அழைப்போடும் நூலகம் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு சிறு விஷயம். இன்ஸ்டாகிராம் பதிவின் குறிப்பில் இணைப்பைப் போட்டாலும் அதைத் தொட்டுத் திறக்க முடியாது. எனவே அலமாரியில் நூலின் இடத்தைக் காட்டும் பகுப்பெண், எந்தக் கிளையில் இருக்கிறது, இப்போது அலமாரியில் உள்ளதா என்பதைப் பதிவிலேயே எழுதிவிடலாம். ஒலிநூலோ பிரெய்ல் பதிப்போ இருந்தால் அதையும். பிறகு அந்தப் புத்தகம் எத்தனை முறை இரவல் போனது என்று பார்க்கட்டும். அந்தக் கணக்கு நூலகத்திடமே இருக்கிறது. விருப்பக்குறிகளை எண்ணி அறிக்கை அனுப்புவதைவிட அது எவ்வளவோ மேல்.

இதையெல்லாம் செய்ய நூலகருக்கு நேரம் வேண்டும். படிக்க நேரம், எழுத நேரம், வருகிற கேள்விகளுக்குப் பதில் சொல்ல நேரம். அடுத்த முறை இது பற்றி எழுதும்போது, இந்தப் பக்கங்களை நடத்தும் நூலகர்களிடம் பேசுங்கள். அதற்கென்று அவர்களுக்கு வேலை நேரத்தில் ஒரு மணி நேரமாவது ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு நூலக வாசகர்