ஆண்டறிக்கை 2024–25: சர்வோ மேல் போட்ட பழி

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானங்களுக்கான நம் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பணம் பற்றி இதில் எதுவும் இல்லை. செயற்குழு ஆறு முறை கூடியது. புதிதாக நான்கு பேர் சேர்ந்தார்கள், மூவர் பொறியியல் கல்லூரி மாணவர்கள். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வழக்கம்போல மழை, மைதானத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். அந்த மூன்று மாதத்தில் பறந்ததைவிட டீ குடித்ததுதான் அதிகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் மைதானத்தில் விமானம் விழுந்தால் நோட்டில் எழுத வேண்டும் என்பது பழைய வழக்கம். ஜூலைக் கூட்டத்தில் அந்த நோட்டைப் புரட்டியபோது, கடைசியாக விழுந்த பதினொன்றில் ஏழுக்கு நேராக "சர்வோ போச்சு" என்று மட்டும் இருந்தது. (புதியவர்களுக்கு: ரிமோட் சொல்படி விமானத்தின் அசையும் பாகங்களைத் திருப்பும் சிறு மோட்டார் பெட்டிதான் சர்வோ.) அதில் ஒன்று என் கையெழுத்து. அந்த ஏழு உட்பட, போனதாகச் சொல்லும் சர்வோவைத் தூக்கிப் போடாமல் என்னிடம் தர வேண்டும் என்று முடிவானது. ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்தேன். விமானத்தின் மற்ற பாகங்களையும் முடிந்தவரை கேட்டு வாங்கினோம். நவம்பரில் மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொருளாளர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஏழையும் சோதித்தோம்.

உண்மையாகவே சர்வோவின் உள்பாகம் உடைந்தோ தேய்ந்தோ பழுதானது இரண்டில்தான்.

முதலாவது, ஒன்பது கிராம் நைலான் பல் சர்வோ. அடியிலிருக்கும் நான்கு ஸ்குருவைக் கழற்றிப் பார்த்தால் கியரில் இரண்டு பற்கள் இல்லை. வானத்தில் உடைந்திருக்க வாய்ப்பு குறைவு. முந்தைய வாரம் இறங்கும்போது எய்லெரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) புல்லில் மாட்டியது உரிமையாளருக்கே பிறகுதான் நினைவுக்கு வந்தது. சர்வோவைத் தனியாக ஆட்டிப் பார்க்கும் டெஸ்டரில் மெதுவாகத் திருப்பினால் இப்படிப்பட்ட சர்வோ ஒரே இடத்தில் தடுக்கித் தாவும், அதுதான் அடையாளம். மெட்டல் கியர் போட்டால் தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். பல் உடைவது குறையும், உண்மைதான். ஆனால் தேய்ந்து ஆட்டம் கொடுக்கும், வேகத்தில் அந்த ஆட்டமே எலிவேட்டரை (வாலில் மேலும் கீழும் அசையும் மடலை) படபடக்க வைக்கும்.

இரண்டாவது என்னுடைய பெட்ரோல் எஞ்சின் ட்ரெய்னர், அதாவது பழகும் விமானம். எலிவேட்டர் நடுநிலையில் நடுங்கிக்கொண்டே இருந்தது. சர்வோவுக்குள் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்தான் வெளியே திரும்பும் கை எங்கே நிற்கிறது என்று அதன் சர்க்யூட்டுக்குச் சொல்கிறது. சர்வோ வாழ்நாளில் பெரும்பகுதி நடுவில்தான் நிற்கும். எஞ்சின் அதிர்வில் அந்த ஒரே இடத்தில் உள்ளிருக்கும் தடம் தேய்ந்துவிடும். என் தவறும் இதில் உண்டு. சர்வோவைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷுக்குள் போகும் பித்தளைக் குழாயின் தட்டையான விளிம்பு கீழே, மரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். நான் தலைகீழாகப் போட்டிருந்தேன். ரப்பர் நசுங்கி, அதிர்வு முழுதும் சர்வோவுக்குப் போயிருக்கிறது.

மூன்றாவதைப் பற்றிக் கால் மணி நேரம் வாக்குவாதம். சர்வோ கருகித்தான் இருந்தது, உள்ளே வாடை அடித்தது. ஆனால் அந்த சன்பேக் ஷீட் (பிளாஸ்டிக் அட்டை) விமானத்தின் புஷ்ராட், அதாவது சர்வோவையும் மடலையும் இணைக்கும் கம்பி, பாடியில் உரசி இறுகி இருந்தது. நினைத்த இடத்துக்குப் போக முடியாத சர்வோ முனகிக்கொண்டே கரண்ட் இழுக்கும், சூடாகும், ஒருநாள் போய்விடும். தானாகச் செத்ததா, நாம் கொன்றதா? நோட்டில் "கொன்றோம்" என்று எழுத உரிமையாளரே சம்மதித்தார். ரிமோட்டின் ஸ்டிக்கைத் தொடாதபோதும் முனகல் கேட்டால் புஷ்ராடைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். முனகல் நின்றால் குற்றம் சர்வோவில் இல்லை. டிஜிட்டல் சர்வோக்கள் இயல்பாகவே கொஞ்சம் ரீங்கரிக்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

மீதி நான்கிலும் சர்வோ நன்றாகவே இருந்தது. ஒன்றில் சர்வோவின் கையான ஹார்னைப் பிடிக்கும் நடு ஸ்குரு போடப்படவே இல்லை. இன்னொன்றில் இறக்கைக்குள் சர்வோ வயரின் எக்ஸ்டென்ஷன் பிளக் கழன்றிருந்தது. சிறு டேப் துண்டு சுற்றியிருந்தால் போதும். ஒன்று மே மாத வெயிலில் கார் டிக்கியில் கிடந்த ஃபோம் விமானம். ஹாட் குளூ இளகி, சர்வோ இருந்த இடத்திலேயே சுழன்றிருக்கிறது. ஹார்ன் நிற்க, உடம்பு திரும்பினால் எலிவேட்டர் எப்படி அசையும்?

கடைசியானதுதான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. விமானம் நல்ல திருப்பத்தில் இருந்தபோது எல்லாம் ஒரே நேரத்தில் உறைந்தன, மோட்டாரும் நின்றது. கீழே விழுந்த பிறகு பார்த்தால் எல்லா சர்வோவும் ஒழுங்காக ஆடின. "சர்வோ போச்சு" என்று அதற்கும் எழுதியிருந்தார்கள்! எலிவேட்டரோ எய்லெரானோ ஒன்று மட்டும் செத்தால் சர்வோவையும் அதன் வயரையும் புஷ்ராட் இணைப்பையும் பாருங்கள். எல்லாம் சேர்ந்து செத்துப் பிறகு தானாக உயிர் வந்தால் முதலில் மின்சாரத்தைச் சந்தேகிக்க வேண்டும். அந்த விமானத்தில் மூன்று செல்லுக்குப் பதிலாக நான்கு செல் லிப்போ பேட்டரி மாட்டியிருந்தார்கள், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி.யில் இருந்தது பழைய லீனியர் பெக் (பேட்டரி வோல்ட்டைக் குறைத்து ரிசீவருக்கும் சர்வோவுக்கும் தரும் சர்க்யூட்). முழுச் சார்ஜில் 16.8 வோல்ட், சர்வோவுக்குப் போவது 5 வோல்ட். மீதி 11.8 வோல்ட்டும் சூடாகத்தான் வெளியேற வேண்டும். ஒரு ஆம்பியருக்கு ஏறக்குறைய 12 வாட், அதாவது நாம் சாலிடர் வைக்கும் 25 வாட் அயர்னில் பாதி. நான்கு சர்வோவும் ஒரே நேரத்தில் இழுத்தபோது பெக் சுருண்டது, ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவர் அணைந்து மறுபடி எழுந்தது. அந்தச் சில விநாடிகளுக்குள் தரை வந்துவிட்டது. இப்போது அதில் அவ்வளவு சூடாகாத ஸ்விட்சிங் பெக் இருக்கிறது.

இதையொட்டி, சென்னை ரிச்சி தெருவில் ஒரு சர்வோ டெஸ்டரும் ஒரு வாட் மீட்டரும் சங்கத்துக்காக வாங்கியிருக்கிறோம். டூல் பெட்டியில் இருக்கும், எடுத்தவர் திருப்பி வைக்கவும். (போன வருடம் வாங்கிய ஆலன் கீ செட் இன்னும் திரும்பவில்லை. யார் என்று எனக்குத் தெரியும்.) டெஸ்டர் கையில் இல்லாதபோது சந்தேகப்படும் சர்வோவை ரிசீவரின் வேறு சேனலில் (பிளக் இடத்தில்) மாட்டுங்கள், நல்ல சர்வோவை அது முன்பு இருந்த சேனலில் மாட்டுங்கள். பழுது சர்வோவோடு போகிறதா, சேனலிலேயே நிற்கிறதா என்று தெரிந்துவிடும். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். மாணவர் ஒருவர் விரலில் போட்ட நாலு தையல் இதற்குச் சாட்சி. நாம் பயன்படுத்தும் வகைகளில் பாசிட்டிவ் நடுவில் இருப்பதால் பிளக் தலைகீழாகப் போனாலும் பொதுவாக எரியாது, அசையாது அவ்வளவுதான். அசையாத புதிய சர்வோவைக் கடைக்காரரிடம் எடுத்துப் போய்ச் சண்டை போடும் முன் ஒருமுறை பிளக்கைப் பாருங்கள்.

மற்றவை: ஜனவரியில் அருகிலுள்ள பள்ளி மாணவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது, நன்றாகவே நடந்தது. நிலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் உரிமையாளருக்கும், மழையிலும் கடை திறந்த டீக்கடை அக்காவுக்கும் சங்கத்தின் நன்றி.

நோட்டில் "சர்வோ போச்சு" என்று மட்டும் எழுதினால் அந்தப் பதிவு செல்லாது. சர்வோவைப் பிரித்தோ மாற்றிப் பார்த்தோ காரணத்தையும் எழுத வேண்டும். இந்தத் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். பிஸ்கட் டின் காலியாகத்தான் இருக்கிறது, கொண்டுவந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்