சிஸ்டர்மாரை மார்க்கெட்டுக்குள்ள விடுங்க: வியாபாரிகள் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயாவுக்கும் சங்கத்து அண்ணன்மாருக்கும் வணக்கம்.

போன வாரம் கேட்ல நடந்தது உங்களுக்கே தெரியும். வசூலுக்கு வர்றவங்களுக்கு அனுமதி இல்லன்னு போர்டு மாட்டியாச்சு, முதியோர் இல்லத்துக்குக் காய் கேட்டு வந்த கன்னியாஸ்திரி சிஸ்டரை செக்யூரிட்டி வெளியவே நிறுத்திட்டாரு, அவங்களும் ஒரு வார்த்தை பேசாம காலிச் சாக்கை மடிச்சு வேன்ல போட்டுட்டுப் போய்ட்டாங்க. அன்னைக்கு மத்தியானம் விலை போகாத தக்காளியைக் கூடை கூடையா குப்பையில கொட்டுனாங்க, பாக்கவே வயிறு எரிஞ்சுது. சிஸ்டர்மார் நடத்துற அந்த ஹோம்ல பல்லு போன தாத்தா பாட்டிங்களுக்குக் குழைய வேகவெச்சுக் குடுக்குற காய் நம்ம கடைங்கள்ல இருந்து போறதுதான் ஐயா. தயவுசெஞ்சு அவங்களை உள்ள விடுங்க.

நீங்க நினைக்கிற வசூல் கோஷ்டி இல்ல இவங்க. இவங்களோட ஏழைகளின் சிறிய சகோதரிகள்ங்கிற கத்தோலிக்க கன்னியர் சபையே கூடை தூக்கித்தான் வளர்ந்துச்சு. 1839ல பிரான்ஸ்ல சேன்-செர்வான்ங்கிற ஊர்ல, வீட்டு வேலை பாத்துப் பொழைச்ச ழான் ஜுகான்ங்கிற அம்மா, கண்ணும் தெரியாம கை காலும் வராம கிடந்த ஒரு கிழவியைத் தூக்கிட்டு வந்து தன் படுக்கையைக் குடுத்துட்டு தான் பரண்ல போய்ப் படுத்தாங்க. அப்புறம் இன்னும் பாட்டிங்க சேர, அவங்க தெருவுல பிச்சைக்குப் போகக்கூடாதுன்னு இவங்களே வீடு வீடா ஏறி எறங்குனாங்க. அந்த ழான் அம்மாவையே பின்னாடி பொறுப்புல இருந்து ஒதுக்கிட்டாங்க, 1879ல அவங்க சாகுறப்ப கூட இருந்த இளம் சிஸ்டர்மார் பல பேருக்கு சபையை ஆரம்பிச்சது இவங்கதான்னே தெரியாது. 2009லதான் புனிதர் பட்டம் குடுத்தாங்க.

நிரந்தர வருமானமே வேணாம்னு 1865லயே முடிவு பண்ணுன சபை இது, சாதி மதம் பாக்காம வயசானவங்களைச் சேத்துக்குறாங்க, ஜனங்க குடுக்குறதை வெச்சுத்தான் உலை வெக்கிறாங்க. நீங்க கேட்டை மூடுனா அங்க பானை காயும்.

கட்சி மாநாட்டுக்கு வர்றாங்க, தலைவர் பிறந்தநாள் ஃப்ளெக்ஸுக்கு வர்றாங்க, கல்லாவுல இருந்து எடுத்து நீட்டுறோம், அவங்களை என்னைக்காவது எந்த செக்யூரிட்டியாவது நிறுத்துனாரா? சத்தம் போடாதவங்க மேலதான் நம்ம ரூல் எல்லாம் பாயுது. மனசு ஆறல ஐயா.

மரியாதையாவே கேக்குறேன். வாரத்துல ஒரு நாள், காலை வியாபாரம் ஓய்ஞ்சப்புறம் ஒரு மணி நேரம் போதும். சங்கத்துப் பேர்ல ஒரு பாஸ் குடுத்துடுங்க, குடுக்க மனசுள்ள கடைக்காரங்க குடுக்கட்டும், இஷ்டமில்லாதவங்களை யாரும் கட்டாயப்படுத்தப் போறதில்ல. அடுத்த கமிட்டி மீட்டிங்லயே இதை எடுத்து, சிஸ்டர்மாரை உள்ள விடச் சொல்லி கேட்டுக்கு எழுத்துல குடுங்க.

இப்படிக்கு,
மார்க்கெட்ல ஒரு மண்டியில கணக்கு எழுதுறவ