சுத்துறதுக்கு முன்னாடி சமையக்கட்டு

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்மா.

இஸ்தான்புல்லேர்ந்து நீ அனுப்பின, தர்வேஷுங்க சுத்திச் சுத்தி ஆடுற வீடியோவ பார்த்தேன், அம்மாவுக்கும் காட்டினேன், "இவங்களுக்கு தல சுத்தாதா"ன்னு கேக்குறா. நீ கீழ "செம டான்ஸ் அத்தா"ன்னு எழுதிருந்தல்ல, அதுக்குத்தான் இவ்ளோ பெரிய லெட்டர், டைம் கெடைக்கிறப்ப படி.

அவங்க மௌலானா ரூமி வழி வந்த மெவ்லவி சூஃபிங்க. உஸ்மானிய சுல்தான்கள் துருக்கிய ஆண்ட காலத்துல மெவ்லவி தைக்காவுல, அதாவது சூஃபிங்க தங்கிப் பழகுற எடத்துல, ஒருத்தன் சேர வந்தா மொதல்ல சமையக்கட்டுக்குத்தான் அனுப்புவாங்க. கதவோரமா ஆட்டுத்தோல்ல மூணு நாள் சும்மா உக்காந்து மத்தவங்க வேல செய்யிறத பாக்கணும், அப்பறமும் இருக்கேன்னு சொன்னா 1001 நாள் ஊழியம், பாத்திரம் கழுவுறது, கடைக்கு போறது, கக்கூஸ் கழுவுறது வரைக்கும் 18 வகை வேலை. பயிற்சிக்கு பொறுப்பு யாருங்கிற, தலைமை சமையல்காரர்தான்! சுத்தப் பழகுறதும் அந்த நாள்லதான், பலகையில ஒரு ஆணி அடிச்சிருக்கும், இடது கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல அத புடிச்சுக்கிட்டே சுத்தணும், புண்ணாகாம இருக்க பலகையில உப்பு தூவுவாங்க. நெனச்சாலே எனக்கு காலு கூசுது.

வீடியோவுல அவங்க போட்டிருந்ததுக்கெல்லாம் அர்த்தம் இருக்கு, உசரமான தொப்பி கப்ருல நடுற மீசான் கல்லு, வெள்ளப் பாவாட மய்யித்துக்கு போடுற கஃபன் துணி, கறுப்பு அங்கி கப்ரு, அதாவது சமாதி. அங்கிய கழட்டிப் போட்டுட்டு எந்திரிச்சாங்கல்ல, அது கப்ருலேர்ந்து எந்திரிக்கிறது. வலது கை மேல பார்த்து வாங்கும், இடது கை கீழ பார்த்து குடுக்கும், நடுவுல தனக்குன்னு ஒண்ணும் வச்சுக்கிறதில்ல.

ராஜாங்க தயவு இருந்துச்சுதான், ஆனா அத நம்பி இருக்க முடியாதும்மா. 1666ல வானி எஃபெந்தின்னு ஒரு ஆலிம், அதாவது மார்க்க அறிஞர், பேச்ச கேட்டு சுல்தான் நாலாம் மெஹ்மத் சுத்துறதையே தடை பண்ணிட்டாரு, 1683ல வியன்னாவுல தோத்தப்பறம் அந்த ஆலிம் செல்வாக்கு போச்சு, 1684ல தடையும் போச்சு. பின்னாடி வந்த சுல்தான் மூணாம் சலீம் நேர் எதிர், இஸ்தான்புல்ல இருக்கிற கலாத்தா மெவ்லவி தைக்காவுக்கு தானே போவாரு, இந்த சடங்குக்கு இசையே அமைச்சிருக்காரு. அப்பறம் வந்த ரெண்டாம் மஹ்மூத் 1826ல ஜானிசரிங்கிற சுல்தானோட பழைய காலாட்படைய அழிச்சாரு, அவங்களோட ஒட்டி இருந்த பெக்தாஷிங்கிற இன்னொரு சூஃபி கூட்டத்தோட தைக்காக்களையும் மூடி, சிலத இடிச்சு, சிலதுல நக்ஷபந்திங்கிற வேற சூஃபி கூட்டத்து ஷேக்குகள உக்கார வச்சாரு. ஒரு கூட்டத்த அணைச்சு இன்னொன்ன அடிக்கிறது, இதுல பக்தி எவ்ளோ கணக்கு எவ்ளோன்னு எனக்கு சந்தேகம்தான்.

சுல்தான்கள் போய் குடியரசு வந்தப்பறம், 1925ல எல்லா தைக்காவையும் சட்டம் போட்டு மூடிட்டாங்க, அதான் நீ டிக்கெட் வாங்கி பாக்குற.

லீவு கெடச்சா கோன்யாவுக்கு ரயில்ல போய்ட்டு வா, ரூமி தைக்கா இப்ப மியூசியம், எல்லாரும் கப்ருகிட்ட நிப்பாங்க, நீ அந்த சமையக்கட்ட நல்லா பாரு. ஊருக்கு வெளிய மெராம் பக்கம் அவரோட சமையல்காரர் அதெஷ்பாஸ் வலி அடங்கியிருக்காரு, அங்கேர்ந்து பரக்கத்துக்கு, சாப்பாடு பெருகி நல்லா இருக்கணும்னு, ஒரு சிட்டிக உப்பு எடுத்துட்டு போறது வழக்கம், நீயும் எடுத்துட்டு வா, அம்மா ஆணத்துல, கொழம்புலதான், போட்டுப் பாக்கட்டும்.

அத்தா